வாய் திறக்காமல் குடித்த பச்சிலை

கரிசாலை கேட்டு ஒருவர் கடை வாசலில் வந்து நின்றால், தராசைத் தொடுவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பாருங்கள். கண்ணைப் பாருங்கள். யாருக்கு என்று கேளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் புதிதாக நிற்க வந்திருக்கிற தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதி இவ்வளவுதான். மீதிப் பாதியைச் சொல்லாமல் கண்ணை மூடிவிடக் கூடாதே என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்கக் கூடாது என்று காலையில் விபூதி இட்டுக்கொள்ளும்போதே முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

கரிசாலை என்கிற கரிசலாங்கண்ணி கெட்ட இலை இல்லை. வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்று வயிறு மந்தமாகிப் போனவருக்கும், சோகை பிடித்து வெளுத்தவருக்கும், ஈரல் சோர்ந்து கண் மஞ்சளித்தவருக்கும் வைத்தியர்கள் அதை எழுதித் தருவார்கள். பருப்புப் போட்டுக் கடைந்து சோற்றில் பிசைந்து தின்கிற வீடுகளும் உண்டு. எல்லோரும் தின்கிற கீரைதானே, இது என்ன செய்துவிடும் என்கிற நினைப்பு வருகிறதல்லவா, அங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ராசிபுரம் கடைக்குக் கூடையில் இலை பறித்துக் கொண்டுவந்த ஒரு பெண்ணுக்கு விரல் இடுக்கெல்லாம் கொப்புளம் கண்டது. விசாரித்தால், சாமந்திப் பூக் கட்டினாலும் அவளுக்கு அப்படித்தான் ஆகுமாம். அதிலிருந்து, சாமந்தி உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்காமல் நான் கரிசாலை கொடுத்ததில்லை. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெண்கள் வந்தால் இன்னொரு சங்கடம். நம் பக்கத்தில் கரு தங்கியதைச் சில மாதம் போகும்வரை வெளியே சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று பயம். நேராகக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் பொட்டலம் மடிக்கும்போது யாரையும் பார்க்காமல், வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு இந்தப் பொடி வேண்டாம் என்று பொதுவில் சொல்லி வைப்பேன். சிலர் பேசாமல் திரும்பிப் போவார்கள். அப்படிப் போகிறவர்களை மறுபடி கூப்பிடாதீர்கள்.

இதெல்லாம் பழகப் பழகத் தானே வந்துவிடும். பழகாத ஒன்று எனக்கு நேர்ந்தது. இரண்டாவது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். செங்கோடன் என்கிற நெசவாளி வந்தான். எங்கள் கடைக்குப் பின்தெருவில் தறி போட்டிருந்தவன். நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டான். கரிசாலைப் பொடி வேண்டும் என்றான்.

யாருக்கு என்று கேட்டேன். சம்சாரத்துக்கு என்றான். அவள் பெயர் பழனியம்மா. கண் மஞ்சளித்துவிட்டதாம். வெண்ணந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பச்சிலை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அது இரண்டு வேளை உள்ளே போய்விட்டது. பச்சிலை வேலை செய்கிறது, இன்னும் சீக்கிரம் பித்தம் இறங்கட்டும் என்று பக்கத்து வீட்டில் இந்தப் பொடியையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்களாம்.

வெண்ணந்தூர்ப் பச்சிலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு குடியானவர் வீட்டில் காமாலைக்கு மருந்து தருவார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டு மருமகள் கையால்தான் தருவது. ஒரு காசு வாங்கமாட்டார்கள். என்ன இலை என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் பலிக்காது என்று சத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நோயாளி வெறும் வயிற்றோடு அங்கே போய் முதல் உருண்டையை மோரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மற்ற இரண்டு உருண்டைகளை ஆமணக்கு இலையில் சுற்றித் தருவார்கள். அடுத்த இரண்டு காலையும் வீட்டில் குடிக்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மூன்றாம் உருண்டை உள்ளே போகும் வரைக்கும் நோயாளி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினாலும் நடுவில் நிறுத்தினாலும் மருந்து முறிந்து, காமாலை இரண்டு மடங்காகத் திரும்பும் என்பார்கள். அந்த வீட்டு வாசலில் குணமானவர்கள் எத்தனையோ பேர். நான் அதைக் குறை சொல்கிறவன் அல்ல, கையெடுத்துக் கும்பிட்டவன்.

ஆனால் செங்கோடன், 'பச்சிலை வேலை செய்யுது' என்று சொன்னபோது அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. எப்படித் தெரியும் வேலை செய்கிறதென்று கேட்டேன்.

"வலிக்குதுங்கண்ணா. பேசமாட்டா, மருந்துல இருக்கறாளே. ஆனா வலது பக்கம் நெஞ்செலும்புக்குக் கீழ வெச்ச கைய எடுக்கவே மாட்டேங்கறா. பித்தம் எறங்கறப்ப அப்படித்தான் இருக்கும்னு அக்கா சொல்றா."

குளிர் சுரம் உண்டா என்றேன். நேற்றுச் சாயங்காலம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம், இரண்டு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லையாம். வெளிக்கு என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். அவனுக்கு வெட்கம். சாம்பலைக் கரைத்த மாதிரி வெள்ளையாக என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். இந்த வலி முன்னால் வந்ததுண்டா என்றேன். ஒரு வருடமாக, விருந்து வீட்டில் சாப்பிட்டு வந்தால் வருமாம். ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்வாளாம்.

என் கை தராசுத் தட்டில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

எங்கள் கடைக்குச் சங்ககிரிப் பக்கமிருந்து ஒரு வைத்தியர் சந்தை நாளில் வந்து உட்காருவார். பெரிய கைராசிக்காரர். காமாலையோடு இதே மாதிரி வலியும் குளிரும் உள்ள ஒரு ஆளை அவர் ஒருமுறை திருப்பி அனுப்பினதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பித்தம் போகிற பாதையில் எதுவோ அடைத்திருக்கிறது, கசப்பு இலையெல்லாம் பித்தத்தைப் பிடித்துத் தள்ளுகிற சாதி, சாத்தின கதவில் கூட்டம் நெருக்கினால் என்ன ஆகும், நான் தொடமாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் எந்த ஊரில் இருந்தாரோ. கேட்க ஆள் இல்லை.

பொடி தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை, தம்பி. அவன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான். போகிற திசையைப் பார்த்தால் கீழ வீதிக் கடைக்குப் போகிறான். அங்கே கேள்வி கேட்காமல் நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். ஊட்டுக்குப் போவோம் வா, ஒரு பார்வை பார்க்கிறேன் என்றேன்.

பழனியம்மா தறிக்குழிக்குப் பக்கத்தில் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மட்டுமல்ல, உள்ளங்கையே மஞ்சள். சீலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள், முனகல் வெளியே வந்துவிடக் கூடாதென்று. முனகினால் அதுவும் பேச்சாகிவிடுமோ என்று பயம் அவளுக்கு. நெற்றியெல்லாம் வேர்வை. எங்கேம்மா வலிக்கிறது என்று கேட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாயருகில் வந்ததை அவள் விழுங்குகிறது எனக்குத் தெரிந்தது.

சுவர் மாடத்தில் கடைசி உருண்டை, ஆமணக்கு இலைக்குள் இருந்தது. இலையின் ஓரத்தில் சாறு கசிந்து கறுத்துப் போயிருந்தது. பச்சையாகக் கசிந்து காற்றுப்பட்டுக் கறுக்கிற அந்தக் கறை என் விரல் இடுக்கில் தினமும் இருக்கிற கறை. எனக்குப் புரிந்துவிட்டது. இவன் கடைக்கு வந்து கேட்டதும், அவள் இரண்டு நாளாகக் குடித்ததும் ஒரே இலை. பேர் தெரியாமல் அதன் தலையிலேயே இன்னொரு மடங்கு ஏற்றப் பார்த்தான். நான் அதை வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்கு அது என்னுடைய ரகசியம் இல்லை.

இவளைச் சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த மூன்றாம் உருண்டையைக் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். செங்கோடனின் அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். பழனியம்மாவைப் பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறவள், அதனால்தான் அவளுக்கு அத்தனை கோபம்.

"கடையில பொடி நிறுக்கறவரு எப்பத்தில இருந்துங்க நாடி புடிக்க ஆரம்பிச்சீங்க? இன்னும் ஒரே ஒரு வேளை. நாளைக்குக் காத்தால குடிச்சாச்சுன்னா முடிஞ்சுது. இப்ப நிறுத்தி, மருந்து முறிஞ்சு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

அவள் கேட்டது நியாயம்.  நான் வைத்தியன் இல்லை. ஒரு வைத்தியர் என்றைக்கோ சொன்ன நாலு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் நிறுத்தச் சொல்லி, பித்தம் தலைக்கேறி அவள் போய்விட்டால்? நிறுத்தச் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குப் போய், நாளைக்குக் காலையில் பின்தெருவில் அழுகைச் சத்தம் கேட்டால்?  மாரியம்மா, நீ ஒரு வழி காட்டு என்று நின்ற இடத்திலேயே கேட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது, செங்கோடன் பேச்சும் எடுபடாது. மருந்தைக் கொடுத்த கை ஒன்றுதான் அதை நிறுத்த முடியும்.

நான் திரும்பி வரும் வரைக்கும் எதையும் கொடுக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெண்ணந்தூருக்கு மிதித்தேன். வெயில் ஏறிவிட்டது. பின் சக்கரத்தில் துணி சுற்றிப் போட்ட டயர், பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கி அடித்தது. வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. போய் என்ன சொல்வது? தலைமுறையாகப் புண்ணியத்துக்குச் செய்கிற ஒரு வீட்டில் போய், உங்கள் மருந்து ஒருத்தியைக் கொல்கிறது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

அங்கம்மாள் கட்டுத்தரையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். பச்சிலைக்காரம்மா என்றால் நான் வயதான ஒருத்தரை நினைத்திருந்தேன். மருந்துக் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க. போன வருசமும் கடைக்காரரு ஒருத்தரு வந்தாரு. இலைப் பேரச் சொன்னாப் பட்டுச்சீலை எடுத்துத் தாரேன்னாரு. நீங்க என்ன கொண்டாந்திருக்கறீங்க?"

"வெறுங்கையோடதானுங்க வந்திருக்கறேன். பேரு எனக்கு வேண்டாமுங்க."

நேற்றுக் காலையில் வந்துபோன நெசவாளி வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது. உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். காமாலைச் சோர்வு என்று நினைத்தாராம். வலியைச் சொன்னேன். பித்தம் இறங்கும்போது வலிக்கத்தான் செய்யும் என்றார். குளிர் சுரத்தைச் சொன்னேன். வெளிக்குச் சாம்பல் நிறத்தில் போவதைச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியில் வைத்த கையை எடுக்காமல் சொன்னார்.

"எங்க மாமியா குடுத்தாங்க, அவிங்க மாமியா குடுத்தாங்க. யாருகிட்டயும் ஒண்ணும் கேட்டதில்லீங்க. கண்ணப் பாப்போம், அரைப்போம், குடுப்போம். வார சனத்துக்குப் பேசக் கூடாதுங்கறப்ப நான் எதைங்க கேக்கறது?"

"அந்தப் பொண்ணுக்கு வலி ஒரு வருசமா இருக்குதுங்கம்மா. காமாலை வந்தது இப்பத்தான். அத அவ உங்ககிட்டச் சொல்லியிருப்பா. வாயக் கட்டிட்டு வந்ததுனால சொல்லல."

"அப்ப நாந்தான் அவளக் கொல்றேங்கறீங்களா?"

 இந்த இடத்தில்தான், தம்பிகளே, தெரிந்தவன் மாதிரிப் பேசிவிடத் தோன்றும். வைத்தியர் சொன்னார் என்று அவர் பேரை எடுத்துப் போடலாம். சாஸ்திரத்தில் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லலாம். அதெல்லாம் அந்தக் கட்டுத்தரையில் நிற்காது என்று எனக்குப் பட்டது.

"அப்படிச் சொல்ல வரலீங்க. எனக்கு நிச்சயமா ஒண்ணும் தெரியாதுங்க. பயமா இருக்குது, அவ்வளவுதான். அவள நீங்க ஒருதரம் வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே குடுக்கலாம்னு சொன்னீங்கன்னா நான் பேசாமப் போயிக்கறேன்."

அவர் தொட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். வேப்ப மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று, அந்த வீட்டுக் கன்னிமார். அதற்கு முன்னால் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு நின்றார். நான் இந்தப் பக்கம் நின்றபடியே முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கற்பூரம் தானாக அணைந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே பார்த்து வண்டியைப் பூட்டச் சொன்னார்.

நாங்கள் ராசிபுரம் வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. பழனியம்மாவுக்கு மறுபடியும் குளிர் வந்து, பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. செங்கோடன் தறி மேடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பச்சிலைக்காரம்மா வீடு தேடி வந்ததைப் பார்த்து அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. பலகை எடுத்துப் போட்டாள். அங்கம்மாள் அதில் உட்காரவில்லை. நேராகப் பாய்க்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, பழனியம்மாவின் வாயிலிருந்து சீலைத் தலைப்பை மெல்ல இழுத்து எடுத்தார்.

"நாந்தான் சாமி வந்திருக்கறேன். நான் கட்டின வாய நானே அவுத்து உடறேன். உனக்கு ஒரு தோசமும் வராது. பேசு. எங்க வலிக்குது?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையை ஆட்டினாள்.

"இங்கீங்கம்மா," என்றாள். இரண்டு நாள் பூட்டிக் கிடந்த குரல், காற்றாகத்தான் வந்தது. "இங்க இருந்து முதுகுக்குப் போயித் தோளுக்கு ஏறுதுங்க. கத்தி வெச்சுக் குடையறாப்பல இருக்குதுங்க. நான் சாகப்போறேனாங்கம்மா?"

அங்கம்மாள் எழுந்து மாடத்திலிருந்த உருண்டையை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். கொடுத்ததை வாங்கிக்கொண்டேன், இனி இவளுக்கு மருந்து சேலத்தில் என்று அக்காவிடம் சொன்னார். அக்காவே கம்பளியை மடித்துப் பையில் வைத்தாள்.

பஸ் கிடைத்ததே அம்மன் புண்ணியம். கண்டக்டர் முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். அங்கம்மாளும் அக்காவும் எங்களோடு ஏறிக்கொண்டார்கள். மல்லூர் தாண்டி ஒரு ஏற்றத்தில் கரி பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அடுப்பைக் கிளறிக் காற்று அடிக்கிற வரைக்கும் ஏறமுடியாதென்றார்கள். ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது உள்ளேயிருந்து அவள் அலறுகிற சத்தம் கேட்டது. காலையில் கேட்காத சத்தம். அதைக் கேட்டு எனக்குப் பயம் கூடியதா குறைந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. கத்துகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று தள்ளினேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். பிறகு வராந்தாவுக்கு வந்து எங்களைப் பார்த்து, இரண்டு நாளாக என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று கேட்டார். அதட்டவில்லை. தெரிந்தால்தான் மேற்கொண்டு மருந்து கொடுக்க வசதி என்றார்.

 செங்கோடனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அங்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேரைச் சொன்னால் அந்தக் கைக்கு இனிப் பலிக்காது. மாமியார்களுக்குச் செய்த சத்தியம் போய்விடும். சொல்லாவிட்டால் உள்ளே படுத்திருக்கிறவள். அவர் சொல்லாமல் போனால் நான் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் முதலில் அவருக்கு இடம் விட வேண்டும் என்றும் தோன்றியது. டாக்டர் ஒருதரம் மணியைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வேர்த்த வேர்வை சைக்கிள் மிதித்தபோது கூட வேர்க்கவில்லை.

"கரிசாலைங்க," என்றார் அங்கம்மாள். "வெள்ளப் பூப் பூக்கறது. கூட நாலு மொளகு. மோருல கலக்கிக் குடுத்தேன். வேற ஒண்ணுமில்லீங்க."

அக்கா வாயில் கை வைத்தாள். எங்க ஊட்டு வாய்க்கால்லயே கெடக்குதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது எல்லோர் காதிலும் விழுந்தது. அங்கம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் மட்டும், நல்ல வேளை சொன்னீர்கள், நான் வேறு எதையெல்லாமோ நினைத்துப் பயந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பித்தப் பாதையில் கல் அடைத்திருந்தது. சுரத்தை இறக்கி, பிறகு அறுத்து எடுத்தார்கள். பிழைப்பாளா என்று தெரியாமல் செங்கோடன் ஆஸ்பத்திரி மரத்தடியில் கிடந்த நாட்களில் நான் கடையில் எதை நிறுத்தேன், யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. பிழைத்துக்கொண்டாள். பார்க்கப் போனபோது டாக்டரிடம், அந்த மூன்றாம் வேளையையும் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கல் முன்னாலேயே இருந்தது, இலை கல்லை உண்டாக்கவில்லை என்றார். அடைப்பு இருக்கிற இடத்தில் பித்தத்தைத் தூண்டுவது ஆபத்து என்பதும் மெய்தான் என்றார். இலை எவ்வளவு கெடுத்தது என்று அவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் படுத்துக்கொண்டு இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது, அதை நிச்சயமாகச் சொல்வேன் என்றார்.

நான் உங்களுக்கு மருந்துச் சரக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கரிசாலை இன்றைக்கும் என் வீட்டுச் சட்டியில் வேகிறது. காமாலை என்கிற ஒரே பேருக்குள் வேறு வேறு நோய் இருக்கிறது. வலியோடு வருவது ஒன்று, குளிரோடு வருவது ஒன்று. அதைப் பிரித்துப் பார்க்க நமக்குப் படிப்பு இல்லை, கேட்க வாய் இருக்கிறது. கேட்டு, சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல், போகிறார்களா என்றும் பாருங்கள். அவர்கள் யார் சொன்னால் போவார்கள் என்று தேடிப் பிடியுங்கள்.

அங்கம்மாள் விஷயம் என் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. பழனியம்மாவைச் சேர்த்துவிட்டுச் சேலத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஞாயித்துக்கெழமை சனம் வருமே, நான் என்னங்க பண்றது என்றார்.  இலையின் பேர் வெளியே போய்விட்டது. கன்னிமார் கோபித்துக்கொண்டார்களோ, இலையின் சத்து போய்விட்டதோ என்கிற பயம் அவருக்கு. அவரை வண்டி ஏற்றிக் கொண்டுவந்தது நான்தானே என்கிற பயம் எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் மனசு கேட்காமல் வெண்ணந்தூருக்குப் போனேன். எப்போதும் வாசல் நிறைய ஆட்கள் இருப்பார்களாம். இலைப் பேர் பரவிவிட்டதாலோ என்னவோ, அன்றைக்கு ஒரே ஒரு வண்டிதான் நின்றது. ஒரு குடியானவர், கண் மஞ்சளித்த மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழெட்டு வயது இருக்கும். அப்பன் அவள் வாயைத் துண்டால் பொத்தியிருந்தார். அங்கம்மாள் அம்மிக்கு முன்னால் இலையை வைத்துக்கொண்டு, அரைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார்.  பிறகு அந்த ஆளிடம் துண்டை எடுக்கச் சொன்னார்.

குழந்தையிடம் கேட்க ஆரம்பித்தார். வயிறு வலிக்கிறதா. எந்தப் பக்கம். குளிர் வந்ததா. வெளிக்கு என்ன நிறத்தில் போகிறது. நான் செங்கோடனிடம் கேட்டதாகச் சொன்னதையெல்லாம் அவர் மனதில் வாங்கி வைத்திருக்கிறார். குழந்தைக்கு வலியும் இல்லை, குளிரும் இல்லை. ஆனால் கேட்டதற்கு மேல் சொல்ல அதற்கு நிறைய இருந்தது. வண்டி மாட்டின் பேர், வழியில் பார்த்த நரி, அப்பன் அதட்டினது. அங்கம்மாள் கேட்டுக்கொண்டே இலையை அம்மியில் வைத்து அரைத்தார்.  கண் வெளுக்காமல் போனாலோ வலி கண்டாலோ ஒரு நாள் கூடப் பொறுக்காமல் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அப்பனிடம் இரண்டு தரம் சொன்னார்.

அந்த ஆளுக்கு வேறு கவலை.

"ஏனுங்கம்மா, இவ தூக்கத்துலயும் பேசுவாளுங்க. மூணு நாளைக்கு இவ வாய நான் எப்படிங்க மூடறது?"

அங்கம்மாள் உருண்டையை மோரில் கரைத்துக் குழந்தை கையில் கொடுத்தார்.

"எதுக்கு மூடறீங்க? பேசட்டும் உடுங்க சாமி. எங்கயாச்சும் வலிச்சா அவதானே சொல்லோணும்."